நெஞ்சு எக்ஸ்ரேயும் நிற்காத இருமலும்

மதிப்பிற்குரிய வைத்தியர் ஐயாவுக்கு,

வணக்கம். நாங்கள் வெள்ளவத்தையில் வசிக்கிறோம். என் அப்பாவுக்கு வயது 72. இரண்டரை மாதங்களாக இருமல் விடவில்லை. பாணி மருந்தும் இரண்டு தடவை அன்ரிபயோட்டிக்கும் கொடுத்தாயிற்று. நீரிழிவுக்குக் குளிசை எடுக்கிறார். உயர் குருதி அமுக்கத்துக்கு எனலபிரில் எடுக்கிறார். சிகரெட்டை விட்டு 15 வருடங்களாகின்றன. காற்சட்டை இடுப்பில் நிற்காத அளவுக்கு மெலிந்துவிட்டார்.

வைத்தியசாலையில் தங்கியிருந்தபோது கட்டிலில் இருத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள். வலது நுரையீரலின் மேற்பகுதியில் நார்த்தன்மையான மாற்றங்கள், சுண்ணாம்பு படிந்த சிறு புள்ளிகள், விரிந்த பெருநாடி, சற்றுப் பெரிதாகத் தெரியும் இதயம் என்று அறிக்கையில் இருக்கிறது. இறுதியில், செயற்படு நிலையில் நோய் எதுவும் தென்படவில்லை, நோயாளியின் நிலையோடு பொருத்திப் பார்க்கவும் என எழுதியிருக்கிறார்கள். கனடாவிலுள்ள அண்ணா இணையத்தில் தேடிவிட்டுப் புற்றுநோய் என்கிறார். அம்மாவோ, நோய் இல்லை என்று எழுதிய பிறகு காசநோய்க்கான சளிப் பரிசோதனைக்கு ஏன் போக வேண்டும், சனம் என்ன நினைக்கும் என்கிறார். இதை நான் எப்படி விளங்கிக்கொள்வது?

ஒரு வாசகி

அன்பின் சகோதரிக்கு,

உங்கள் அண்ணாவும் அம்மாவும் ஒரே தாளை வாசித்து எதிரெதிரான இரண்டு முடிவுகளுக்கு வந்திருக்கிறார்கள். அந்தத் தாளில் இரண்டுமே இல்லை. அதை எழுதிய கதிரியல் நிபுணர் நிழல்களைப் பார்த்து, தாம் கண்டதை நேர்மையாக விவரித்திருக்கிறார். அப்பாவின் இருமலை அவர் கேட்கவில்லை, உடல் மெலிந்ததும் அவருக்குத் தெரியாது. ஆகவேதான் நோயாளியின் நிலையோடு பொருத்திப் பார்க்கும்படி கேட்டிருக்கிறார். அப்பாவை நேரில் பரிசோதிக்காத நானும் நோயின் பெயரைச் சொல்ல முடியாது. அறிக்கையின் எந்த வரியை விட்டுவிடலாம், எந்த வரியைப் பின்தொடர வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

விரிந்த பெருநாடி என்பது இங்கே, இதயத்திலிருந்து புறப்படும் பெரிய குருதிக்குழாயின் வளைவு தளர்ந்து நீண்டு தெரிவதைக் (unfolded aorta) குறிக்கும்; அது வயது முதிர்ந்தவர்களிலும் நீண்டகாலக் குருதி அமுக்கம் உள்ளவர்களிலும் வழக்கமாகக் காணப்படுவது. இருமலுக்கு அதைக் காரணமாகத் தேட வேண்டியதில்லை. இதயத்தின் அளவைப் பொறுத்தவரை, படம் எடுக்கப்பட்ட விதம் முக்கியம். நோயாளி நின்றபடி நெஞ்சைத் தகட்டோடு ஒட்டிவைத்து, கதிர் முதுகுப்புறமிருந்து வரும் படத்தில்தான் இதயத்தின் அகலம் நெஞ்சின் அகலத்தில் பாதியைத் தாண்டுகிறதா என்று நம்பிக்கையோடு அளக்கலாம். கட்டிலில் இருத்தி முன்புறமிருந்து எடுக்கும்போது இதயம் தகட்டிலிருந்து விலகியிருப்பதால் அதன் நிழல் பெரிதாகிவிடும். கால் வீக்கமோ, மல்லாந்து படுக்க முடியாத மூச்சுத்திணறலோ இருந்தால் இதயத்தையும் பரிசோதிக்க வேண்டும். அவை இல்லையென்றாலும் நின்றநிலையில் இன்னொரு படம் எடுப்பது நல்லது. ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயின் கதிர்வீச்சு, இயற்கையாகவே நாம் சில நாட்களில் பெறும் அளவுதான். அதற்காகத் தயங்க வேண்டாம்.

நான் அதிகம் யோசிப்பது வலது மேற்பகுதியைப் பற்றித்தான். நுரையீரலின் உச்சியில் நார்த்தன்மையும் சுண்ணாம்புப் புள்ளிகளும் சேர்ந்திருந்தால், என்றோ வந்து ஆறிய காசநோயின் தழும்பாக அது இருக்கக்கூடும். தமக்கு அப்படியொரு நோய் வந்ததே தெரியாமல் வாழ்ந்து முதுமையடைந்தவர்கள் அப்பாவின் தலைமுறையில் பலர். சுண்ணாம்பு படிந்த புள்ளி பெரும்பாலும் அடங்கிப்போன பழைய கதை. நார்த்தன்மை அப்படியல்ல. அதனுள் கிருமி மீண்டும் விழித்திருக்கிறதா என்பதை ஒரேயொரு படத்தை வைத்து எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பழைய எக்ஸ்ரே ஒன்று கிடைத்து, அதிலும் இதே நிழல் இதே அளவில் இருந்தால் பெரும் ஆறுதல். ஆனால் அதுவும் சளிப் பரிசோதனைக்கு ஈடாகாது. நீரிழிவு உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு ஏனையோரைவிட 2 முதல் 3 மடங்கு அதிகம், முதியவர்களிடம் காய்ச்சலும் இரவு வியர்வையும் இல்லாமலே அது வரக்கூடும் என்பவற்றையும் சேர்த்துப் பாருங்கள்.

செயற்படு நிலையில் நோய் தென்படவில்லை என்ற வரி அம்மாவுக்குத் தந்த நிம்மதியை நான் மதிக்கிறேன். ஆயினும் அது அந்தப் படத்தில் தென்படவில்லை என்பதற்கு மேல் எதையும் சொல்லவில்லை. இதயத்துக்குப் பின்னாலும், காறை எலும்புக்கு அடியிலும், உதரவிதானத்தின் வளைவுக்குக் கீழேயும் மறைந்திருக்கும் சிறிய கட்டி எக்ஸ்ரேயில் தவறிவிடலாம். நோய்க்குறிகளோடு வரும் நுரையீரல் புற்றுநோயாளர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு எக்ஸ்ரேயில் அது புலப்படுவதில்லை. அண்ணா சொல்வது சரி என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். அறிக்கையில் கட்டி என்ற பேச்சே இல்லை, அந்தச் சொல்லை அப்பாவின் காதில் இப்போது போடுவது கொடுமை. ஆனால் முன்பு புகைத்த, 72 வயதான, காரணமின்றி மெலிந்துவரும் ஒருவருக்கு எட்டு வாரங்களைத் தாண்டியும் இருமல் நிற்காவிட்டால், சி.ரி. ஸ்கேன் தேவையா என்று சுவாச நோய் விசேட வைத்திய நிபுணரிடம் நேரடியாகக் கேட்பது உங்கள் உரிமை.

அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். இரண்டு வாரங்களைக் கடந்த இருமலுக்குச் சளியைச் சோதிப்பது இலங்கையில் நடைமுறை. மார்புச் சிகிச்சை நிலையங்களில் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். கொழும்பில் மத்திய மார்புச் சிகிச்சை நிலையம் இருக்கிறது, வெலிசறையில் சுவாச நோய்களுக்கான தேசிய வைத்தியசாலை இருக்கிறது. அங்கு முட்டு (ஆஸ்துமா) வருத்தத்துக்கும் ஏனைய நெஞ்சு நோய்களுக்கும் ஆட்கள் வருகிறார்கள். காசநோய் என்றே உறுதியானாலும், வழக்கமாக 6 மாத மருந்தில் குணமாகும். சிகிச்சையின்றி இருமிக்கொண்டிருந்தால் அதே வீட்டில் உறங்கும் அம்மாவுக்கும், பேரப்பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் தொற்றும். சனத்தின் பேச்சுக்குப் பயந்து ஒரு வாரம் பிந்துவதைக்கூட என்னால் ஏற்க முடியாது.

இன்னொன்று. எனலபிரில் வகைக் குளிசைகள் சிலருக்கு வறட்டு இருமலை உண்டாக்கும், தொடங்கிப் பல மாதங்களுக்குப் பிறகும்கூட. மாற்று மருந்து கொடுத்தால் பெரும்பாலும் சில வாரங்களில் இருமல் அடங்கும், சிலருக்கு மூன்று மாதம் வரை செல்லலாம். வைத்தியரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். அது மெலிவை விளக்காது என்பதால், குளிசையை மாற்றிவிட்டு மற்றப் பரிசோதனைகளைக் கைவிடவும் வேண்டாம்.

போகும்போது அறிக்கையை மட்டுமன்றிப் படத்தையும் கொண்டு செல்லுங்கள். பழைய படம் வீட்டு அலுமாரியிலோ முன்பு பார்த்த வைத்தியசாலையிலோ கிடைக்குமா என்று தேடுங்கள். எல்லாக் குளிசைகளின் பெயரையும் எழுதி எடுங்கள். காலையில் எழுந்தவுடன், எச்சிலாக இல்லாமல் நெஞ்சிலிருந்து இருமி எடுக்கும் சளிதான் பரிசோதனைக்கு உகந்தது. அன்ரிபயோட்டிக்கை மூன்றாவது தடவையாகக் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். சளியில் இரத்தம் கண்டாலோ, மூச்செடுக்கச் சிரமப்பட்டாலோ நிபுணரைச் சந்திக்கச் சனல் பண்ணிய (முன்பதிவு செய்த) நாள் வரும்வரை காத்திராமல், அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு செல்லுங்கள். சளிப் பரிசோதனை முடிவு வந்ததும் எழுதுங்கள்.