முருங்கையில் தொங்கும் தேனீக் கூட்டம்: விரட்டுவதா, பெட்டியில் ஏற்றுவதா?

கேள்வி: கொல்லையில நிக்கிற முருங்கையில நேத்து மதியம் பெரிய இரைச்சலோட தேனீ வந்து, எளநி அளவுக்கு உருண்டையாத் தொங்குது. போன வருசமும் தை கடைசியில இதே கொப்புலதான் வந்துச்சு, மறுநாள் காணோம். கீழே ரெண்டு கறவை மாடு கட்டியிருக்கோம். பிள்ளைகளும் அங்கதான் வெளையாடுதுக. தீப்பந்தம் புடிச்சு விரட்டிருவோம்ங்கிறாக எங்க ஐயா. எனக்குப் பெட்டி வச்சு வளக்க ஆசை. வந்த கூட்டத்தப் புடிக்க முடியுமா?
(ஒரு விவசாயி, கோட்டையூர் பக்கம், சிவகங்கை மாவட்டம்)

பதில்: தீப்பந்தம் வேண்டவே வேண்டாம். மாடுகளை அவிழ்த்து ஐம்பது அடியாவது தள்ளிக் கட்டுங்கள். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள், ஒருவரும் கல்லெறியக் கூடாது. இப்போதைக்கு இவ்வளவு போதும். இந்தப் பதில் உங்களை வந்து சேர்வதற்குள் கூட்டம் பறந்துபோயிருந்தாலும் கவலையில்லை. இரண்டு வருடமாக ஒரே கொப்பில் இறங்குகிறது என்றால் தாய்க்கூடு பக்கத்தில்தான் இருக்கிறது, பெரும்பாலும் பூட்டிக் கிடக்கும் வீட்டுச் சுவர்ப் பொந்திலோ பனைப் பொந்திலோ. பங்குனிக்குள் இன்னொரு கூட்டம் வர வாய்ப்புண்டு.

வந்திருப்பது எந்தத் தேனீ என்பதைத் தூரத்தில் நின்றே பாருங்கள். உடல் ஒரு செ.மீ. நீளத்தில், கறுப்பும் மஞ்சளுமாக வரி ஓடியிருந்தால் அது இந்தியத் தேனீ. அடுக்குத் தேனீ என்பதும் அதைத்தான். பெட்டியில் வளர்க்கத் தகுந்தது இது. கட்டைவிரல் பருமனுள்ள குச்சியைச் சுற்றி உள்ளங்கை அளவு ஒற்றை அடை கட்டியிருந்தால் அது கொம்புத் தேனீ. பெட்டியில் தங்காது, அதன் போக்கில் விட்டுவிடுங்கள். ஒன்றரை செ.மீ.க்கு மேல் பெரிய ஈயாக இருந்து, தண்ணீர்த் தொட்டியடியிலோ பெரிய வீட்டுக் கார்னிஸிலோ உயர்ந்த மரத்திலோ முறம் போல ஒற்றை அடை தொங்கினால் அது மலைத்தேனீ. அதன் பக்கமே போகாதீர்கள். மரப்பொந்திலோ பனையிலோ காகிதம் போன்ற சாம்பல் நிறக் கூட்டில் கதண்டு என்னும் பெரிய குளவி இருந்தாலும் அப்படியே. இந்த இரண்டுக்கும் தீயணைப்பு நிலையத்தைத்தான் கூப்பிட வேண்டும். 101க்குச் சொன்னால் இரவில் வந்து அகற்றுவார்கள்.

உங்கள் முருங்கையில் அடை எதுவும் இல்லாமல் ஈக்கள் ஒன்றையொன்று பிடித்துத் தொங்குகின்றன. அதனால் இது குடும்பம் பிரிந்து வந்த கூட்டம். பூ மிகுந்த காலத்தில் கூட்டில் நெரிசல் கூடும்போது பழைய ராணி பாதிப் பணித்தேனீக்களோடு வெளியேறும். புது வீடு பார்க்கப் போன வேவு ஈக்கள் திரும்பும் வரை இப்படி ஒரு கொப்பில் தங்கும். சில மணி நேரமோ, ஓரிரு நாளோ. புறப்படும்போதே வயிறு நிறையத் தேன் குடித்திருக்கும், காவல் காக்க அடையோ புழுவோ கிடையாது. அதனால் சீண்டாதவரை கொட்டுவது அரிது. ஐயாவிடம் இதைச் சொல்லுங்கள். மூன்று நாளைத் தாண்டிய கூட்டம் பசியில் எரிச்சலாக இருக்கும், அப்போது கவனம் தேவை.

பிடிப்பதற்கு முன் பெட்டி தயாராக இருக்க வேண்டும். கூட்டத்தைப் பிடித்துவிட்டுப் பெட்டி தேடுவதுதான் பலர் செய்யும் தவறு. திருச்சியில் 1911 முதல் 1917 வரை பாதிரியார் நியூட்டன் இந்தியத் தேனீக்கென்றே வடிவமைத்த பெட்டி இங்கு போதும். புழு வளரும் கீழறையில், ஈ அடை கட்டுவதற்கான 206 x 144 மி.மீ. மரச்சட்டங்கள் ஏழு இருக்கும். சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவே 7 முதல் 9 மி.மீ. சந்து விட வேண்டும். குறைந்தால் ஈ புகுந்து போக முடியாது, கூடினால் குறுக்கே அடை கட்டிவிடும். இத்தாலியத் தேனீக்கான பத்துச் சட்டப் பெட்டியை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கிவிடாதீர்கள். அந்த அகலத்தைச் சிறு கூட்டத்தால் காவல் காக்க முடியாது, அந்துப்பூச்சி புகுந்துவிடும். புது வார்னிஷ் வாசனை இருந்தால் ஈ மறுநாளே ஓடும். ஒரு வாரம் வெயிலில் காயவைத்து, உள்பக்கம் தேன்மெழுகைத் தேய்த்து, எலுமிச்சைப்புல் எண்ணெய் ஒரு சொட்டு தடவுங்கள். இரண்டு சொட்டே அதிகம்.

பக்கத்தில் யாரிடமாவது பெட்டி இருந்தால், முட்டையும் இளம்புழுவும் உள்ள ஒரு சட்டத்தைக் கேட்டு வாங்கி நடுவில் வையுங்கள். புழுவை விட்டுவிட்டு ஈ சுலபத்தில் ஓடாது. கூட்டத்தைத் தங்க வைக்க இதைவிட நல்ல வழி இல்லை. வாங்கும் முன் அந்த அடையைப் பார்த்துக்கொள்ளுங்கள். தலை தூக்கியபடி செத்த புழுக்கள், குண்டூசியால் எடுத்தால் தண்ணீர்ப் பை போல வந்தால் அது ‘தாய் சாக் புரூட்’ என்னும் வைரஸ் நோய். 1991-92இல் தென்னாட்டுத் தேனீக்களை அழித்தது இதுதான். அப்படிப்பட்ட சட்டம் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

பிடிக்கும் நேரம் மாலை ஐந்தரைக்கு மேல். வேவு ஈக்கள் அடங்கியிருக்கும், இரவில் கூட்டம் கிளம்பாது. பகலில் உருண்டை நெகிழ்ந்து இரைச்சல் ஏறுகிறது என்றால் சில நிமிடத்தில் புறப்படப் போகிறது என்று பொருள். கைத்தெளிப்பானில் நல்ல தண்ணீரைப் பனி போலத் தெளித்தால் கொஞ்ச நேரம் தாமதிக்கும். வெளிர் நிற முழுக்கைச் சட்டை, முகவலை, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வாசனைத் தைலமும் சென்ட்டும் வேண்டாம். புகைப்பானில் தேங்காய்க் கதம்பையைப் போட்டு, சூடில்லாத வெள்ளைப் புகை இரண்டு மூன்று ஊது ஊதினால் போதும். புகை மிஞ்சினால் கூட்டமே கலைந்து உச்சிக் கொப்புக்குப் போய்விடும்.

கூட்டத்தைப் பிடிக்க நம் ஊர் ஓலைக்கொட்டான், அதாவது பனையோலைக் கூடை, கைகண்ட சாமான். லேசாக இருக்கும், காற்று போகும், உள்ளே சொரசொரப்பு இருப்பதால் ஈ பிடித்து ஏறும். அகலமான கொட்டானாகப் பார்த்து, வாய் கீழ்நோக்கி இருக்க உருண்டைக்கு மேலே பிடியுங்கள். கீழிருந்து லேசான புகை கொடுத்தால் இருட்டை நோக்கி ஏறும். முருங்கைக் கொப்பு எளிதில் முறியும், அதனால் ஏணியை மரத்தில் சாய்க்காமல் தனியாக நிறுத்துங்கள். பாதிக்கு மேல் ஏறியதும் கால் மணி நேரம் காத்திருந்து பாருங்கள். விளிம்பில் நிற்கும் ஈக்கள் பின்பக்கத்தைத் தூக்கி இறகை விசிறினால் ராணி உள்ளே இருக்கிறது. கொட்டானில் ஏறியவை மறுபடி கொப்புக்கே போனால் ராணி இன்னும் கொப்பில்தான் இருக்கிறது, மறுபடி செய்ய வேண்டும்.

கொட்டான் வாயை மெல்லிய வேட்டித்துணியால் மூடிக் கட்டி, பெட்டி நிரந்தரமாக இருக்கப் போகும் இடத்துக்கே கொண்டுபோங்கள். பிரிந்து வந்த கூட்டம் பழைய வீட்டை மறந்து புது இடத்தைப் பழகிக்கொள்ளும், அதனால் முருங்கைக்கு இருபதடியில் வைத்தாலும் தவறில்லை. நடுவில் மூன்று சட்டத்தை எடுத்துவிட்டு ஒரே உதறலில் கொட்டி, ஈ நசுங்காமல் சட்டங்களை இறக்கி மூடுங்கள். ராணி வெளியேறாமல் தடுக்கும் துளைத் தகட்டை வாசலில் நான்கைந்து நாள் வைக்கலாம். ஆனால் முதல் கூட்டம் போய் ஒரு வாரம் பத்து நாள் கழித்து வந்த சிறு கூட்டத்துக்கு அதை வைக்காதீர்கள். அதில் இருப்பது இணை சேராத கன்னி ராணி. அதை அடைத்து வைத்தால் இணை சேர வழியில்லாமல் குடும்பமே பாழாகும்.

சர்க்கரை 200 கிராமை 200 மி.லி. கொதித்து ஆறிய தண்ணீரில் கரைத்து, சிரட்டையில் ஊற்றி, ஈ மூழ்காமல் இரண்டு வைக்கோல் துண்டு போட்டுப் பெட்டிக்குள் வையுங்கள். வாரம் ஒரு முறை, மாலையில்தான். வெளியே ஒரு சொட்டு சிந்தினாலும் எறும்பு வரும், பக்கத்துக் கூட்டு ஈயும் கொள்ளையடிக்க வரும். பெட்டியை வைக்கும் தாங்கி இரண்டடி உயரம் இருக்கட்டும். நான்கு காலுக்கும் தண்ணீர்க் கிண்ணம், வாசல் கிழக்குப் பார்த்து, பிற்பகல் வெயில் படாத நிழல். சித்திரை, வைகாசியில் நம் செம்மண் பூமியில் அடிக்கும் வெக்கைக்கு மெழுகு அடை இளகிச் சரியும். அதனால் மேலே கீற்றுப் போட்டு, கூழாங்கல் போட்ட தட்டில் தண்ணீர் வையுங்கள். ஏழாம் நாள் திறந்து பாருங்கள். அடையின் ஒவ்வொரு சிற்றறையிலும் ஒரு வெள்ளை முட்டை அடியில் நின்றால் ராணி நலம். ஒரே அறையில் மூன்று நான்கு முட்டை தாறுமாறாக இருந்தால் ராணி இல்லை, பணித்தேனீ முட்டை வைக்கிறது.

மாட்டைக் கொட்டிவிட்டால் கொட்டகைக்குள் இருட்டுப் பக்கம் ஓட்டி, ஈரச் சாக்குப் போர்த்தி, கால்நடை ஆம்புலன்ஸ் 1962க்குச் சொல்லுங்கள். மனிதரைக் கொட்டினால் கொடுக்கை உடனே நகத்தால் சுரண்டி எடுங்கள். அதில் தாமதிப்பதுதான் கெடுதல். கொடுக்கு கிடக்கும் வரை விஷம் இறங்கிக்கொண்டே இருக்கும், அந்த வாசனைக்கு மற்ற ஈக்களும் வந்து கொட்டும். சுண்ணாம்பு தேடிப் போகாதீர்கள். உதடு, தொண்டை வீக்கமோ மூச்சுத் திணறலோ தலைச்சுற்றலோ வந்தால் 108ஐ அழையுங்கள்.

இந்தத் தடவை தப்பிப் போயிருந்தால், பத்துப் பதினைந்து லிட்டர் பிடிக்கும் பழைய மண்பானை ஒன்றின் உள்ளே மெழுகு தேய்த்து, வாயைப் பலகையால் மூடி, கட்டைவிரல் நுழையும் துளை விட்டு, முருங்கைக்குப் பக்கத்து நிழல் மரத்தில் எட்டடி உயரத்தில் அடுத்த மார்கழிக் கடைசிக்குள் கட்டிவிடுங்கள். பெட்டிக்கும் பயிற்சிக்கும் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள். பானையில் கூட்டம் ஏறினால், அடை கட்டி முற்றும் முன், முதல் வாரத்திலேயே பெட்டிக்கு மாற்றிவிடுங்கள்.