எட்டாம் வகுப்பு முடித்த மகளை 35,000 ரூபாய் கோடை முகாமுக்கு அனுப்பலாமா?

கேள்வி: என் மகள் விளாத்திகுளம் பக்கம் ஒரு கிராமத்து அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். விண்வெளி என்றால் அவளுக்கு உயிர். சென்னையில் ஒரு தனியார் நிறுவனம் இரண்டு வார ரோபாட்டிக்ஸ் முகாமுக்கு 35,000 ரூபாய் கேட்கிறது. அந்தச் சான்றிதழ் கல்லூரியில் சேர உதவும் என்கிறார்கள். நகையை அடகு வைத்து அனுப்பலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வுக்கு எடுத்துக்கொள்வது பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கு, இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களில் இருந்து வரும் 200-க்கான கட்-ஆஃப். கோடை முகாம் சான்றிதழுக்கு அதில் இடமே இல்லை.

உங்கள் மகளுக்கு ஏற்றது இஸ்ரோ நடத்தும் 'யுவிகா'. 2019-ல் தொடங்கிய இளம் விஞ்ஞானி திட்டம் இது. மே மாதத்தில் சுமார் இரண்டு வாரம், திருவனந்தபுரம், ஸ்ரீஹரிகோட்டா, பெங்களூரு போன்ற இஸ்ரோ மையங்களில் தங்கிப் படிக்கலாம். தங்குமிடம், சாப்பாடு, பாடப் பொருள்கள் எல்லாம் இலவசம். பிள்ளைக்கும் கொண்டுவிட்டு அழைத்துவரும் ஒருவருக்கும் ரயில் கட்டணமும் கிடைக்கும்.

பலர் கோட்டை விடுவது எந்த வகுப்பில் விண்ணப்பிப்பது என்பதில்தான். விண்ணப்பிக்கும் ஆண்டு ஜனவரி 1 அன்று பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொண்டிருக்க வேண்டும். பத்தாம் வகுப்புக்குப் போன பிறகு கேட்டால் முடியாது. அதனால் உங்கள் மகளுக்கு இந்தக் கோடை இல்லை, அடுத்த கோடை. வாய்ப்பு ஒரே முறைதான். இஸ்ரோ தளத்தில் பெரும்பாலும் பிப்ரவரி கடைசியில் பதிவு தொடங்கி மார்ச்சில் முடியும்.

தேர்வு எப்படி? பாதி, அதாவது 50 சதவீதம், எட்டாம் வகுப்பு மதிப்பெண். அது முடிந்த கதை. இணைய வினாடி வினாவுக்கு 10. ஊராட்சிப் பகுதிப் பள்ளியில் படித்தால் 15. நகரத்துப் பிள்ளைக்கு இது கிடைக்காது. இந்த 15-ஐ நினைத்தாவது, ஒன்பதாம் வகுப்புக்கு டவுன் பள்ளிக்கு மாற்றும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். அறிவியல் கண்காட்சிக்கு, பள்ளி அளவில் 2, மாவட்ட அளவில் 5, மாநில அளவில் 10. மீதி ஒலிம்பியாட், விளையாட்டு, சாரணர், என்.சி.சி. போன்றவற்றுக்கு. பள்ளியில் சாரணர் இயக்கம் இருந்தால் ஜூனிலேயே சேர்த்துவிடுங்கள்.

சரி, இந்த விடுமுறையில் என்ன செய்வது? கண்காட்சிக்கு வைக்கக்கூடிய ஒரு வேலையை ஆரம்பிக்கட்டும். உங்கள் ஊர் ஊருணியில் மே மாதம் முழுக்கத் தண்ணீர் எவ்வளவு இறங்குகிறது, மூடிவைத்த வாளியிலும் திறந்த வாளியிலும் ஆவியாவதில் என்ன வித்தியாசம் என்று தினமும் அளந்து நோட்டில் எழுதினாலே நல்ல ஆய்வு. ஒரு அளவுகோலும் இரண்டு வாளியும் போதும். ரோபாட்டிக்ஸ் ஆசையும் இருந்தால் ஆர்டுயினோ போர்டு (நாமே நிரல் எழுதி இயக்கும் சின்ன மின்னணுப் பலகை) சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. தண்ணீர் மட்டம் காட்டும் கருவியை அவளே செய்து பார்க்கலாம்.

பள்ளி திறந்ததும் அந்த நோட்டோடு அறிவியல் ஆசிரியரைப் பார்க்கச் சொல்லுங்கள். அதிலிருந்து புதிதாக ஒரு யோசனை பிறந்தால், மத்திய அரசின் இன்ஸ்பயர் மானக் விருதுக்குப் பள்ளி மூலம் அனுப்பலாம். தேர்வானால் மாதிரி செய்ய 10,000 ரூபாய் மாணவர் கணக்கிலேயே வரும், மாவட்டக் கண்காட்சிக்கும் வழி திறக்கும்.

அப்புறம், கலந்துகொண்ட ஒவ்வொன்றுக்கும் சான்றிதழை அன்றைக்கே வாங்கிவையுங்கள். எட்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலையும் தலைமையாசிரியரின் சான்றையும் ஜனவரிக்குள் ஸ்கேன் எடுத்துவிட்டால் பிப்ரவரியில் அலைய வேண்டாம்.