அமெரிக்க அதிபர் ஒரு அமைச்சரை நீக்கினால் அந்த இடத்துக்கு யார் வருவார்?

நீக்குவதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. அடுத்தவரை உட்கார வைப்பதுதான் பெரும்பாடு. நாடாளுமன்ற மேலவையான செனட்டின் சம்மதமில்லாமல் நீக்கக் கூடாது என்று 1867ல் சட்டமே போட்டுப் பார்த்தார்கள். 1887ல் அது ரத்தானது.

துணை அதிபரும் 15 துறைகளின் அமைச்சர்களும் கேபினட்டில் எப்போதும் உண்டு. வேறு யாருக்குக் கேபினட் அந்தஸ்து என்பது அந்தந்த அதிபரின் விருப்பம். எம்பியாக இருந்துகொண்டே அமைச்சராக முடியாது. மார்கோ ரூபியோ 2025ல் செனட் பதவியை விட்டுவிட்டுத்தான் வெளியுறவுத் துறைக்கு வந்தார்.

புதியவரின் பெயர் செனட்டுக்குப் போகும். குழு விசாரித்த பிறகு முழு அவையில் வாக்கெடுப்பு. சாதாரணப் பெரும்பான்மை போதும். சமமானால் துணை அதிபரின் ஓட்டு முடிவு செய்யும். 2025ல் பாதுகாப்புத் துறைக்கு முன்மொழியப்பட்ட பீட் ஹெக்செத் 51-50ல் அப்படித்தான் தப்பினார்.

அதுவரை துறையைப் பார்ப்பவர் 'பொறுப்பு' அமைச்சர். 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி வழக்கமாக அந்தத் துறையின் துணை அமைச்சர்தான் வருவார். அவரை விட்டுவிட்டு, வேறு பதவிக்கு ஏற்கெனவே செனட் ஒப்புதல் பெற்றவரையோ, அதே துறையில் குறைந்தது 90 நாள் இருந்த மூத்த அதிகாரியையோ அதிபர் போடலாம். பொதுவான கெடு 210 நாள். ஆனால் ஒருவர் பெயர் செனட்டில் நிலுவையில் இருக்கும்வரை பொறுப்பு நீடிக்கும்.

சிக்கல் இங்கேதான். பொறுப்பில் இருப்பவரையே நிரந்தரமாக்க நினைத்தால், அவர் முன்பு துணை அமைச்சராக இல்லாத பட்சத்தில், பெயரை அனுப்பியதும் பொறுப்பை விட வேண்டும். 2019 ஜூலை 15ல் பாதுகாப்புத் துறைக்கு மார்க் எஸ்பரின் பெயர் போனது. அன்றே அவர் விலக, கடற்படைச் செயலர் ரிச்சர்ட் ஸ்பென்சர் பொறுப்பேற்றார். 23ஆம் தேதி ஒப்புதல் பெற்று எஸ்பர் திரும்பினார்.

இன்னொன்று: இறப்பு, ராஜினாமா, பணியாற்ற இயலாமை என்றுதான் சட்டம் சொல்கிறது, பதவி நீக்கத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. 2018ல் முன்னாள் படைவீரர் துறையின் டேவிட் ஷுல்கின் ராஜினாமா செய்தார் என்றது வெள்ளை மாளிகை. என்னை நீக்கினார்கள் என்றார் அவர். துணை அமைச்சரைத் தாண்டி ராபர்ட் வில்கியைப் பொறுப்பில் போட்டது செல்லுமா என்பதே அதில் தொங்கியது.

பொறுப்பு அமைச்சர்களை வைத்தே காலம் தள்ளுவது செனட்டின் அதிகாரத்தைக் காலி செய்கிறது என்பது என் உறுதியான கருத்து. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையில் 2019 ஏப்ரலுக்குப் பிறகு டிரம்ப்பின் முதல் பதவிக்காலம் முடியும்வரை ஒப்புதல் பெற்ற அமைச்சரே இல்லை. பொறுப்பிலிருந்த சாட் வுல்ஃப் சட்டப்படி அந்தப் பதவியில் இல்லை என்று 2020 நவம்பரில் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிறுவயதில் வந்த குடியேறிகளுக்கான பாதுகாப்புத் திட்டத்தில் அவர் கொண்டுவந்த கட்டுப்பாடுகளும் அதோடு செல்லாமல் போயின.