ஹார்ஸ் மலையில் பட்டுப்போன மரங்கள்: அமில மழையா?

வணக்கம் நண்பரே. ஜெர்மனியின் ஹார்ஸ் மலையில் ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரங்கள் கூட்டங்கூட்டமாகப் பட்டுப்போய் நிற்பது அமில மழையாலா என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் இல்லை, 2018 வறட்சிக்குப் பின் பெருகிய, மரப்பட்டைக்கு அடியில் குடைந்து வாழும் பட்டை வண்டின் வேலை அது. கீழே உதிர்ந்து கிடக்கும் பட்டை ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். நடுவில் நீளமாக ஒரு கோடு, இருபுறமும் சீப்புப் பற்கள்போலச் சின்னச் சின்னக் கோடுகள் இருந்தால் வண்டுதான்.

அமில மழை மண்வழியாகக் கொல்லும். மண்ணில் மரத்துக்கு வேண்டிய கால்சியம், மக்னீசியத்தை அடித்துக்கொண்டு போய்விடும். கரைந்து வரும் அலுமினியம் நுனிவேர்களைப் பாழாக்கும். மக்னீசியம் குறைந்தால் பழைய ஊசியிலைகள்தான் முதலில் மஞ்சளாகும்.

1983-இல் அனல்மின் நிலையங்களுக்குக் கட்டுப்பாடு வந்தபின் காற்றில் அமில மழைக்குக் காரணமான கந்தகம் வெகுவாகக் குறைந்தது. மண்தான் பாவம், இன்னும் தேறவில்லை. சில காடுகளில் ஹெலிகாப்டரில் சுண்ணாம்புத்தூள் தூவுவது மண்ணின் அமிலத்தைத் தணிக்கத்தான்.