தாத்தாவின் துப்பாக்கி யாருக்கு?

கேள்வி: தாத்தா காலமாகி மூன்று மாதம் ஆகிறது. அவர் பேரில் லைசென்ஸ் இருந்த ஒற்றைக்குழல் துப்பாக்கி எங்கள் பீரோவில் கிடக்கிறது. நாற்பதாயிரம் கொடுத்தால் வெளிமாநில லைசென்ஸ் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். குடகில் லைசென்ஸே வேண்டாமாமே?

பதில்: லைசென்ஸ் தாத்தாவோடு போய்விட்டது. துப்பாக்கி உங்களிடம் இருக்கும் ஒவ்வொரு நாளும் குற்றம்தான். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 ஆண்டு சிறை. நீங்களே தூக்கிக்கொண்டு கிளம்பாதீர்கள். முதலில் ஸ்டேஷனில் எழுதிக் கொடுங்கள். அவர்கள் சொல்கிறபடி அங்கேயோ லைசென்ஸ் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். பிறகு வாரிசுச் சான்றோடு கலெக்டர் அலுவலகத்தில் உங்கள் பேருக்கு விண்ணப்பியுங்கள். மற்ற வாரிசுகள் ஆட்சேபனை இல்லை என்று எழுதித் தர வேண்டும்.

அந்த நாற்பதாயிரம் ஆசாமியை வாசலோடு அனுப்பிவிடுங்கள். 2012 முதல் 2016 வரை ஜம்மு காஷ்மீரில் வெளியூர்க்காரர்களுக்கு வாரி வழங்கிய லைசென்ஸ்களை சி.பி.ஐ. தோண்டியது. புத்தகம், முத்திரை, கையெழுத்து எல்லாம் அசலாகவே இருக்கும்; கொடுத்த முறைதான் தப்பு. பதிவேட்டைப் புரட்டும் அன்று மாட்டிக்கொள்வது நீங்கள், அவர் அல்ல. என்னிடம் வந்த ஒருவர் அப்படித்தான் இரண்டு வருஷம் கோர்ட்டுக்கு அலைந்தார்.

குடகு விஷயம் வேறு. பாளையக்காரர்களை ஒடுக்கியதும் 1801-ல் கும்பினி தென்பாண்டிச் சீமையில் ஆயுதத்தைப் பறித்தது. 1878-ல் லிட்டன் பிரபு நாடு முழுக்க லைசென்ஸ் சட்டம் போட்டார். வெள்ளைக்காரர்களுக்கு அதிலிருந்து விலக்கு. குடகின் பூர்வகுடிகளான குடவர்களுக்கும் விலக்கு இருந்தது. சுதந்திர இந்தியாவின் 1959 சட்டத்தின் கீழும் அது தொடர்கிறது. கடைசியாக 2029 வரை நீட்டித்திருக்கிறார்கள். குடவர் இனத்தவருக்கும், குடகில் ஜம்மா எனும் பரம்பரை நில உரிமை உள்ளவர்களுக்கும் மட்டும்தான். குடகில் வேலை பார்த்தாலோ, சம்பந்தம் செய்தாலோ, காபித் தோட்டம் வாங்கினாலோ ஒட்டிக்கொள்ளாது. வாரம் ஒருவர் இதைக் கேட்கிறார்!

விண்ணப்பிக்கும் முன் லைசென்ஸ் புத்தகத்தில் உள்ள எண்ணையும் குழலருகே இரும்பில் பொறித்த எண்ணையும் ஒத்துப் பாருங்கள். பழைய புத்தகங்களில் 3-ஐ 8 என்று எழுதி வைத்த குமாஸ்தாக்கள் உண்டு. அந்த ஒரு எழுத்துக்காக ஃபைல் கலெக்டர் ஆபீசுக்கும் ஸ்டேஷனுக்கும் மாறி மாறி நடக்கும். நாற்பது வருஷம் ஒரு காக்கையைக்கூடச் சுடாத துப்பாக்கிக்கு இத்தனை விசாரணை! அதற்குள் கள்ளத் துப்பாக்கி செய்கிறவன் நாலு விற்றுவிடுவான்.

மீதித் தோட்டாக்களையும் சேர்த்தே ஒப்படையுங்கள். ரசீதில் எண்ணிக்கை போடச் சொல்லுங்கள்.