பத்தாயிரம் அட்வான்ஸ் கட்டுறதுக்கு முன்னாடி இதை கேளுங்க அக்கா

அக்கா, நேத்து ராத்திரி நீங்க அனுப்புன வாய்ஸ் மெசேஜ ரெண்டு தடவ கேட்டேன், பின்னாடி மழை சத்தத்துல பாதி சரியா கேக்கல ஆனா விஷயம் புரிஞ்சிருச்சு. கோயமுத்தூர்ல இருந்து ஒருத்தர் வந்து தோட்டத்து லைன் வீடு வீடா ஏறி இறங்கி, "பாப்பாவுக்கு இன்ஜினியரிங் ஃப்ரீ சீட்டு, ஸ்காலர்ஷிப் எல்லாம் நாங்களே வாங்கிக்குவோம், இப்போதைக்கு பத்தாயிரம் அட்வான்ஸும் ஒரிஜினல் மார்க் ஷீட்டும் குடுங்க"ன்னு கேட்டிருக்கார். குடுக்காதீங்க. அவர கெட்டவர்னு சொல்ல வரல. அந்த சீட்டு அரசாங்கம் மார்க் வரிசையில குடுக்கிற கவுன்சிலிங் சீட்டா, காலேஜே நேரடியா குடுக்கிற மேனேஜ்மென்ட் சீட்டான்னு அவர் உங்ககிட்ட சொல்லவே இல்ல, உங்களுக்கு வர வேண்டிய பெரிய உதவி எல்லாம் அந்த ஒரு கேள்வியிலதான் நிக்குது.

பாப்பா ஆறாவதுல இருந்து பன்னெண்டு வரைக்கும் கவர்மென்ட் ஸ்கூல்லதானே படிச்சா? அப்ப அவளுக்கு கவர்மென்ட் ஸ்கூல் பிள்ளைங்களுக்கான 7.5 சதவீத இட ஒதுக்கீடு இருக்கு. மெடிக்கலுக்கு 2020ல வந்துச்சு, அடுத்த வருஷமே இன்ஜினியரிங், விவசாயம், கால்நடை, சட்டம் எல்லாத்துக்கும் கொண்டு வந்தாங்க. இதுல கவுன்சிலிங் மூலமா சீட்டு கிடைச்சா டியூஷன் ஃபீஸ், ஹாஸ்டல் ஃபீஸ், கவுன்சிலிங் கட்டணம் வரைக்கும் அரசாங்கமே கட்டும், தனியார் காலேஜா இருந்தாலும் சரி. வருமான வரம்பும் கிடையாது. அதே காலேஜ்ல அதே கிளாஸ்ல மேனேஜ்மென்ட் கோட்டால சேந்துட்டீங்கன்னா இது போச்சு, வீட்டுல முதல் ஆளா டிகிரி படிக்கிறவங்களுக்கு ஃபீஸ்ல குடுக்கிற முதல் பட்டதாரி சலுகையும் கவுன்சிலிங்ல வர்றவங்களுக்குத்தான், அதுவும் போச்சு. அந்த கோயமுத்தூர்க்காரர் சொன்ன ஃப்ரீ சீட்டு ரெண்டாவது வருஷம் என்ன ஆகும்னு எழுதி வாங்க முடியுமான்னு கேட்டுப் பாருங்க.

ஒரிஜினல் சர்டிபிகேட் விஷயம் இன்னும் முக்கியம். காலேஜ் சரிபாத்துட்டு திருப்பிக் குடுக்கணும், கையில வச்சுக்கக் கூடாதுன்னு யூஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, 2018லயே சொல்லியாச்சு. மார்க் ஷீட்டும் டிசியும் வெளி ஆள் பையில இருந்தா கவுன்சிலிங்ல நல்ல சீட்டு வந்தாலும் பாப்பா போய் சேர முடியாம தவிப்பா.

அடுத்து காலேஜ் போற பொண்ணுங்களுக்கு தமிழ்நாடு அரசு மாசம் ஆயிரம் ரூபாய் குடுக்கிற புதுமைப் பெண் திட்டம். இது இன்ஜினியரிங்க்கு மட்டும்னு நினைச்சிருக்கீங்க, அப்படி இல்ல. ஆர்ட்ஸ் காலேஜ், பாலிடெக்னிக், ஐடிஐ எதுல சேந்தாலும் வரும், ஆறுல இருந்து பன்னெண்டு வரைக்கும் கவர்மென்ட் ஸ்கூல்லயோ, அரசு உதவி பெறும் ஸ்கூல்ல தமிழ் வழியிலயோ படிச்சதுதான் தகுதி, சாதி பாக்க மாட்டாங்க, வருமானம் பாக்க மாட்டாங்க, வேற ஸ்காலர்ஷிப் வாங்கினாலும் இது தனியா வரும். பசங்களுக்கு 2024 ஆகஸ்ட்ல இருந்து இதே மாதிரி தமிழ்ப் புதல்வன் திட்டம் இருக்கு, உங்க தம்பி பையனுக்கும் சொல்லி வைங்க. தபால் வழியில படிச்சா மட்டும் இந்த ரெண்டும் வராது.

இதுல பணம் மாட்டுற இடம் ஒண்ணு இருக்கு, வருஷா வருஷம் பாக்குறேன். போன வருஷம் தேவாலா பக்கம் ஒரு பொண்ணு, எல்லாம் சரியா போட்டிருந்தா, மூணு மாசமா பணம் வரலன்னு வந்து அழுதா. போன்ல ஆதார் வெப்சைட்டத் திறந்து எந்த பேங்க்கோட இணைஞ்சிருக்குன்னு பாத்தோம், அவ காலேஜ்ல சேந்தப்ப புதுசா தொறந்த ஒரு அக்கவுன்டோட பேங்க் பேர் காட்டுச்சு. அந்த பேங்க்ல போய் பாஸ்புக் என்ட்ரி போட்டா மூவாயிரமும் அங்க உக்காந்திருக்கு. அவ கையில வச்சிருந்ததோ ஸ்கூல்ல தொறந்த பழைய பாஸ்புக். ஆதார் கடைசியா எந்த அக்கவுன்ட்ல சேர்த்தீங்களோ அரசாங்கப் பணம் அங்கதான் போகும், நீங்க ஃபார்ம்ல எழுதுன நம்பருக்கு இல்ல. பாப்பாவுக்கு ஸ்கூல்ல தொறந்த அக்கவுன்ட் ரொம்ப நாளா பணம் எடுக்காம போடாம கிடந்தா அது முடங்கியிருக்கும், பேங்க்ல ஆதார் மாதிரி அடையாளச் சான்று வச்சு ஒரு கேஒய்சி குடுத்து உயிர் குடுத்துருங்க. ஆதார்ல, மார்க் ஷீட்ல, பாஸ்புக்ல பேரும் இனிஷியலும் ஒண்ணா இருக்கான்னு பாருங்க, இனிஷியல் முன்னாடி ஒண்ணுல பின்னாடி ஒண்ணுலன்னு இருந்தா இப்பவே சரி பண்ணிருங்க.

இப்ப வருமானச் சான்று. உங்ககிட்ட இருக்கிறது உங்க வீட்டுக்காரர் வேலைக்கு போய்ட்டிருந்தப்ப ரெண்டு பேர் சம்பளத்தையும் சேத்து போட்டது. அவர் உடம்பு முடியாம வேலைய விட்டு ரெண்டு வருஷம் ஆச்சு, அதனால இன்னைக்கு உண்மையான வருமானத்துக்கு புதுசா வாங்குங்க, உங்க சம்பள ரசீத கையில எடுத்துட்டு போங்க, விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்) கேட்டா காட்டலாம். எஸ்சி, எஸ்டி மாணவங்க பத்தாவதுக்கு மேல படிக்கிறதுக்கான போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப்புக்கு வரம்பு வருஷம் இரண்டரை லட்சம், பழைய சான்றுல அத தாண்டித்தான் இருக்கு, புதுசுல தாண்டாது. சமுதாயச் சான்றும் பாப்பா பேர்ல இருக்கணும், உங்க பேர்ல இருக்கிறது போதாது. சிலோன்ல இருந்து வந்த குடும்பம்ங்கிறதால தாத்தாவோட பழைய பேப்பர் கேப்பாங்க, ட்ரங்க் பெட்டியில தேடி வைங்க.

பக்கத்து வீட்டுல ரெண்டு பேரும் தோட்டத்துல வேலை, வருமானம் இரண்டரை லட்சத்தத் தாண்டிருச்சு, எங்களுக்கு எதுவும் இல்லன்னு அவங்க விட்டுட்டதா சொன்னீங்க. ரொம்ப வருத்தமா இருந்துச்சு. வரம்பு திட்டத்துக்குத் திட்டம் மாறும்க்கா. மத்திய அரசோட கல்லூரி ஸ்காலர்ஷிப் ஒண்ணு இருக்கு, பன்னெண்டாவதுல அவங்க போர்டுல எண்பதாவது பெர்சன்டைலுக்கு மேல, அதாவது நூறு பேர்ல எண்பது பேர விட கூட மார்க் எடுத்து, வந்திருக்கணும், குடும்ப வருமானம் நாலரை லட்சம் வரைக்கும் பரவால்ல, டிகிரி படிக்கிறப்ப வருஷம் 12,000. பொண்ணு டெக்னிக்கல் படிப்பு சேந்தா, தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பு ஏஐசிடிஇ குடுக்கிற பிரகதி ஸ்காலர்ஷிப், வருஷம் 50,000, வரம்பு எட்டு லட்சம், ஒரு குடும்பத்துல ரெண்டு பொண்ணுங்க வரைக்கும். ரெண்டும் மத்திய அரசோட ஸ்காலர்ஷிப் வெப்சைட்டான என்எஸ்பி போர்ட்டல்லதான் போடணும், ஆனா ரெண்டையும் சேத்து வாங்க முடியாது, ஒண்ண பாத்து எடுக்கணும். முதல் வருஷம் வாங்கிட்டு அடுத்த வருஷம் ரினியூவல் போட மறந்து விட்டவங்க நிறைய பேர், அத காலண்டர்ல எழுதச் சொல்லுங்க.

கடன் கடைசியா யோசிப்போம். நாலு லட்சம் வரைக்கும் கல்விக் கடனுக்கு சொத்து ஜாமீன் கேக்க மாட்டாங்க, கூட நீங்க கையெழுத்து போடணும். 7.5ல சீட்டு கிடைச்சா அதுக்கு தேவையே வராது.

இங்க நீலகிரியில ஜூன் ஜூலையில மழை பிடிச்சா கரன்ட்டும் நெட்டும் என்ன ஆகும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா, இ-சேவைல ஒரு நாள் சர்வர் இல்லன்னு அனுப்புவாங்க, அடுத்த நாள் மரம் விழுந்து பஸ் வராது. அதனால கடைசி தேதிய நம்பாதீங்க. திங்கட்கிழமை லீவு சொல்லிட்டு காலையில முதல் பஸ்ல பாப்பாவ கூட்டிட்டு கூடலூர் வாங்க, ஆதார், ரேஷன் கார்டு, மார்க் ஷீட், டிசி, பாஸ்புக், ஓடிபி வர்ற போன், அவளோட எமிஸ் நம்பர் (ஸ்கூல்ல குடுத்த மாணவர் அடையாள எண்), ஆறாவதுல இருந்து படிச்ச ஸ்கூல் பேர் எல்லாம் ஒரு பேப்பர்ல எழுதிட்டு வாங்க. முதல்ல கவுன்சிலிங் அப்ளிகேஷன முடிப்போம், பிறகு வருமானச் சான்றுக்கு போடலாம். அந்த ஆள் மறுபடி வந்தா, திங்கட்கிழமைக்கு அப்புறம் சொல்றேன்னு மட்டும் சொல்லிருங்க.