வாசகர் கேள்வி பதில்: 44 வருஷம் ஒரே காலேஜ் ட்ராக்குல

கேள்வி: காலேஜ் அத்லெட்டிக்ஸ் கோச்சுங்கள்ல நீங்க மனசார மதிக்கிற ஒருத்தர பத்தி சொல்லுங்களேன். மெடல் கணக்கு மட்டும் வேணாம், ஆளு எப்படின்னு சொல்லுங்க.
- ஒரு வாசகி

பதில்: எட் டெம்பிள். இதுக்கு நான் யோசிக்கவே மாட்டேன். அமெரிக்காவுல நாஷ்வில்ல இருக்கற டென்னசி ஸ்டேட் யூனிவர்சிட்டில 1950ல வேலைக்குச் சேந்தவரு, 1994ல ரிட்டயர் ஆகற வரைக்கும் வேற எங்கயும் போகல. அவரோட பொண்ணுங்க டீமுக்கு டைகர்பெல்ஸ்னு பேரு. அந்த டீம்லேர்ந்து 40 பேரு ஒலிம்பிக் போயிருக்காங்க, 13 தங்கத்தோட சேத்து மொத்தம் 23 மெடல்.

மெடல் கணக்கு வேணாம்னு சொன்னீங்க, ஆனா அவரு எந்த நிலைமையில இருந்து இத கொண்டு வந்தாருன்னு தெரிஞ்சா அந்த நம்பரே வேற மாதிரி தெரியும். அது கறுப்பின மாணவர்களுக்குன்னு இருந்த காலேஜ், தெற்கு மாநிலங்கள்ல நிறப் பாகுபாடு சட்டமாவே இருந்த காலம். போட்டிக்குப் போகணும்னா டெம்பிளே வண்டி ஓட்டிட்டுப் போவாரு, வழியில ஹோட்டல்ல உள்ள விடமாட்டாங்க, பெட்ரோல் பங்க்ல பாத்ரூம் யூஸ் பண்ண விடமாட்டாங்க, அதனால சாப்பாட்ட கையோட கட்டி எடுத்துக்கிட்டு, அவசரம்னா ரோட்டோரம் வயக்காட்டுல வண்டிய நிறுத்தி, அப்படித்தான் போய் ஓடி ஜெயிச்சுட்டு வந்தாங்க அந்தப் பொண்ணுங்க. ரொம்ப வருஷத்துக்கு அவங்களுக்கு ஸ்போர்ட்ஸ் ஸ்காலர்ஷிப்பே கிடையாது. காலேஜுக்குள்ளயே தினம் 2 மணி நேரம் ஏதாவது வேலை செஞ்சுதான் படிச்சாங்க. டெம்பிளும் கோச் வேலை மட்டும் பாக்கல, ஆரம்பத்துல காலேஜ் போஸ்ட் ஆபீஸையும் பாத்துக்கிட்டாரு, அப்புறம் சோஷியாலஜி பாடமும் எடுத்தாரு.

வில்மா ருடால்ஃப் பேரு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். சின்ன வயசுல போலியோ வந்து காலுக்கு பிரேஸ் மாட்டி நடந்த பொண்ணு. ஸ்கூல் பாஸ்கெட்பால் மேட்ச்ல ரெஃப்ரியா நின்ன டெம்பிள் கண்ணுல பட்டாங்க. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்ல 16 வயசுல ரிலே வெண்கலம். 1958ல அவங்களுக்குக் குழந்தை பொறந்துச்சு. குழந்தை இருக்கறவங்கள டீம்ல எடுக்கறதில்லன்னு அவரு வச்சிருந்த ரூல அவரே தளர்த்தி வில்மாவ சேத்துக்கிட்டாரு. ரொம்ப கண்டிப்பானவருங்க அவரு, பொண்ணுங்க யார் கார்லயும் ஏறக்கூடாதுன்னு கூட ஒரு ரூல் உண்டு, அப்படிப்பட்ட மனுஷன் எங்க விட்டுக் கொடுக்கணும்னு தெரிஞ்சு விட்டுக் கொடுத்தாரு பாருங்க, எனக்கு அதுதான் பெருசா தெரியுது. 1960 ரோம் ஒலிம்பிக்ல வில்மா 100 மீட்டர், 200 மீட்டர், ரிலேன்னு 3 தங்கம் வாங்கினாங்க. அடுத்து அதே டீம் பொண்ணு வயோமியா டையஸ் 1964 ஒலிம்பிக்லயும் 1968லயும் 100 மீட்டர் தங்கத்த தொடர்ச்சியா ஜெயிச்சாங்க, ஆம்பளையோ பொம்பளையோ அதுக்கு முன்னாடி யாரும் அத செஞ்சதில்ல.

இன்னொரு கணக்கு இருக்கு, அத சொல்லாம விடமாட்டேன். ஒலிம்பிக் போன அந்த 40 பேர்ல 39 பேரு டிகிரி முடிச்சவங்க. படிப்பு முதல்ல, ஓட்டம் அப்புறம்னுதான் அவரு டீம நடத்தினாரு. ஓடறது 10 வருஷமோ 12 வருஷமோ, அதுக்கப்புறமும் அந்தப் பொண்ணு வாழணும் இல்லையா?

கேள்வி: 4x100 ரிலேல பேட்டன் கைமாறும்போது நழுவிடுச்சு. எல்லாரும் வாங்கின என்னைத்தான் திட்டறாங்க. தப்பு யாரோடது?
- காலேஜ் ரிலே டீம் மாணவி

பதில்: உங்கள மட்டும் திட்டறது நியாயமே இல்லம்மா. பாக்காம கை நீட்டி வாங்கற பாஸ்ல, கையில பேட்டன வைக்கறது வர்றவங்க பொறுப்பு, சரியான நேரத்துல கெளம்பறதும் கைய ஆடாம வச்சிருக்கறதும் உங்க பொறுப்பு. நெறய தடவ பிரச்சன கையில இல்ல, நீங்க எப்ப கெளம்பணும்னு ட்ராக்குல போட்டு வைக்கற அடையாளம் இருக்கே, அந்த செக் மார்க்ல இருக்கு. வர்றவங்க அந்த மார்க்க தாண்டினதும் நீங்க கெளம்பறீங்க, ஆனா ஹீட்ஸ், அதாவது தகுதிச் சுற்று, ஓடி களைச்சுப்போய் ஃபைனல்ல அவங்க கொஞ்சம் ஸ்லோவா வந்தா அதே மார்க் வேலைக்கு ஆகாது, அவங்க கைக்கு எட்டாத தூரத்துக்கு நீங்க ஓடிப் போயிடுவீங்க. முன்ன வேகம் எடுக்க 10 மீட்டர், மாத்திக்க 20 மீட்டர்னு தனித்தனியா இருந்துச்சு, இப்ப ரெண்டும் சேந்து 30 மீட்டருமே மாத்திக்கற ஜோன்தான், அதனால பதறாதீங்க. ரோம் ஃபைனல்ல ஓடின 4 பேருமே டைகர்பெல்ஸ்தான், அவங்களுக்கே கடைசி பாஸ் சொதப்பி வில்மா வேகத்த விட்டுட்டு மறுபடி எடுத்து ஓடித்தான் ஜெயிச்சாங்க. நீங்களும் உங்களுக்கு பேட்டன் தர்றவங்களும் மட்டும் தனியா, களைப்பா இருக்கறப்போ பாஸ் பழகுங்க.

கேள்வி: எங்க கோச் லீவே தரமாட்டேங்கறாரு, தினமும் முழு ஸ்பீடு. கால் வலி போகவே இல்ல. இது சரியா?
- 1500 மீட்டர் ஓடும் மாணவர்

பதில்: சரியில்ல. முதல்ல அந்த வலிய டாக்டர்கிட்ட காட்டுங்க. ஓரிகான் யூனிவர்சிட்டில 24 வருஷம் கோச்சா இருந்த பில் பவர்மேன் ஒருநாள் கஷ்டமா ஓடவிட்டா அடுத்த நாள் லேசாத்தான் ஓடவிடுவாரு. உடம்பு பலமாகறது ஓடறப்போ இல்ல, ஓடினதுக்கு அப்புறம் ஆறறப்போதான். மீறி ரகசியமா எக்ஸ்ட்ரா ஓடறவங்கள பிடிச்சு கண்டிப்பாரு. வாஃபிள்னு கட்டம் கட்டமா ஒரு பலகாரம் இருக்கே, அத சுடற வீட்டு மெஷின்ல ரப்பர ஊத்தி ஷூ அடிப்பாகம் செஞ்சு பாத்தவரும் இவருதான். இவர் கையில வளந்தவங்கள்ல 31 பேரு ஒலிம்பிக் போனாங்க, 4 தடவ அந்த டீம் நேஷனல் காலேஜ் சாம்பியன் ஆச்சு. உங்க கோச் கெட்டவரா இருக்கணும்னு இல்ல, அவருக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பாங்க. தனியா போய் மரியாதையா பேசுங்க, எந்த நாள் எந்த ஓட்டத்துக்கு அப்புறம் வலி வந்துச்சுன்னு ஒரு நோட்ல எழுதிக் கொண்டு போங்க.

கேள்வி: அப்பா 30 வருஷம் காலேஜ் கோச். இந்த வருஷம் ரிட்டயர்மெண்ட். ஷீல்டு, சால்வை எல்லாம் நிறைய வாங்கிட்டாரு. நான் என்ன கொடுக்கலாம்?
- ஒரு மகள்

பதில்: அப்பாவோட டைமிங் நோட்டுங்க இருக்கும், தேடுங்க. எல்லா கோச்சும் வச்சிருப்பாங்க. அதுல இருக்கற ஒவ்வொரு பேரையும் கண்டுபிடிச்சு, இப்ப என்ன பண்றீங்கன்னு கேட்டு, அந்தப் பேருக்கு நேரா எழுதி வைங்க. ஜெயிச்சவங்கள மட்டும் தேடாதீங்க, ஹீட்ஸ தாண்டாதவங்களையும் தேடுங்க, அவங்கதான் உங்க அப்பாவ பத்தி அதிகம் சொல்லுவாங்க. ஒரே ஒரு விஷயம், பழைய பக்கங்கள்ல இருக்கறது ஸ்டாப்வாட்ச் டைம், எலக்ட்ரானிக் டைமோட ஒப்பிடணும்னா 100 மீட்டருக்கு 0.24 விநாடி கூட்டிக்கணும். ஆனா நோட்டுல எதையும் திருத்தாதீங்க, அவரு எழுதினது அப்படியே இருக்கட்டும்.